“நிறுத்தினால் முகம் எரிகிறது, டாக்டர்!”

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தெருவில் பார்லர் வைத்திருக்கும் அக்கா ஒரு க்ரீமின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க, மெடிக்கலில் காட்டி வாங்கிப் போட்டார். மூன்று வாரத்தில் மங்கு மறைந்து முகம் பளிச்சென்று ஆனது. கூட வேலை பார்ப்பவர்கள் என்ன போடுகிறாய் என்று கேட்க, இரண்டு பேருக்கு இவரே பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆறு வருடமாக ராத்திரி தவறாமல் போட்டு வருகிறார். நடுவில் சில மாதம், அதே அக்கா கொடுத்த லேபிள் இல்லாத டப்பா ‘நைட் க்ரீம்’ ஒன்றும்.

இப்போது அடுப்பு முன்னால் நின்றால் முகம் சிவக்கிறது, வெயிலில் இறங்கினால் எரிகிறது, தாடையில் பருவும் கன்னத்தில் முடியும் வந்திருக்கின்றன. இரண்டு நாள் க்ரீமை விட்டால் அரிப்பும் எரிச்சலும் தாங்க முடியாமல் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். “கறுப்பா இருந்தாலும் களையான மூஞ்சி, இப்ப ரெண்டுங்கெட்டானா ஆயிருச்சு” என்கிறார் மாமியார். “இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?” என்பது வீட்டுக்காரர். ட்யூபை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அங்கேயிருந்து ஒன்பதாவது படிக்கும் மகள் எடுத்துப் போட்டுக்கொள்வதைப் போன வாரம் பார்த்துவிட்டு ஆடிப்போய் எழுதியிருக்கிறார்.

கேள்விகள் பல. மெடிக்கலில் விற்பது எப்படிக் கெடுதல் ஆகும்? க்ரீம் போட்டால் கிட்னி போய்விடும் என்று செல்போனில் பார்த்தது உண்மையா? இரண்டு மாதத்தில் கொழுந்தனார் மகள் கல்யாணம், அதுவரை போட்டுவிட்டுப் பிறகு நிறுத்தலாமா? பார்லர் அக்கா மேல் புகார் கொடுக்க முடியுமா? கடைசி வரி இது: “மேக்கப் போடாம கடைக்குப் போகவே கூசுது. இது ஏதும் மனவியாதியா டாக்டர்?”

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளை எழுதும்போது உங்கள் கையெழுத்து நேராக இருக்கிறது. அந்த வரியில் மட்டும் இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறீர்கள்.

வியாதி இல்லை. காலையில் சமையல், மகளுக்குச் சடை, மாமியாருக்கு மாத்திரை எல்லாம் முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் கண்ணாடி முன் நிற்கிற பத்து நிமிஷம்தான் அந்த நாளில் உங்களுக்கென்று இருக்கிற நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வாங்கிய அன்று விளக்குத்தூண் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு மை, ஒரு லிப்ஸ்டிக், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. வீட்டில் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியிராத செலவு அது ஒன்றுதான். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை, மருத்துவக் காரணமும் இல்லை. கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்பது, முகத்தை நினைத்தே வெளியே போகாமல் இருப்பது, தூக்கம் கெடுவது என்று போனால் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். நீங்கள் அந்த நிலையில் இல்லை. ஒன்பது மணி நேரம் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற வேலையில், முகம் கொஞ்சம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. (சூப்பர்வைசர் “டல்லா வராதீங்க” என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. ஊழியரின் முகம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவரிடம் இதைச் சொல்லச் சொல்லி உங்களை மாட்டிவிடவில்லை, உங்கள் மனசுக்காகச் சொல்கிறேன்.)

சிக்கல் உங்கள் கைப்பையில் எல்லாம் ஒரே பவுச்சில் கிடப்பதுதான். மை, பவுடர், லிப்ஸ்டிக் எல்லாம் சாயங்காலம் கழுவினால் போய்விடும். அவற்றாலும் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்தவர்கள், தலைச்சாயத்தால் முகம் வீங்கியவர்கள் தோல் ஓ.பி.யில் சாதாரணம். ஆனால் அந்த ட்யூப் வேறு ரகம். அது அழகுசாதனமே கிடையாது. அது மருந்து. அதனால்தான் “இத்தனை மேக்கப் போட்டதால்தான் முகம் போச்சு” என்று வீட்டில் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் முகத்தை லிப்ஸ்டிக் கெடுக்கவில்லை.

மெடிக்கலில் வாங்கியதுதானே?

அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். அதில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டாசோன் 0.1 சதவீதம். ஓரத்தில் சிவப்புக் கோடு, மேலே ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அந்தப் பெட்டியே சொல்கிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் சொல்வதுதான் கொடுமை.

இந்த மூன்றில் மொமெட்டாசோன் ஸ்டீராய்டு. மங்குக்காக நாங்களும் இந்தக் கூட்டு மருந்தை எழுதுவது உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் வாரக்கணக்கில் எழுதுவோம். எட்டு வாரம் என்பது வழக்கமான எல்லை. அதற்குள் திரும்ப வரச் சொல்லிப் பார்த்து, ஸ்டீராய்டை எடுத்துவிட்டு வேறு க்ரீமுக்கு மாற்றுவோம். நீங்கள் ஆறு வருடம் போட்டிருக்கிறீர்கள்.

மூன்று வாரத்தில் வெளுத்தது எப்படி என்றால், ஹைட்ரோகுயினோன் தோல் நிறமி தயாராவதைத் தடுக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் உதிர வைக்கிறது. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தோலின் எதிர்ப்பை அடக்கி வைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் யார் முகமும் கொஞ்ச நாள் பளபளக்கும். நாள் போகப் போக அதே ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கிறது. உள்ளே இருக்கிற ரத்தக் குழாய்கள் விரிந்து வெளியே தெரிகின்றன. பரு வரும், பூனை முடி அடர்த்தியாகும், அடுப்புச் சூடும் வெயிலும் தாங்காது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு தொல்லையும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. முகத்துக்கு ஸ்டீராய்டு போட்டுப் போட்டு வருகிற இந்தக் கேட்டுக்குத் தனிப் பெயரே வைத்தவர்கள் நம் இந்திய தோல் டாக்டர்கள்தான், 2008-இல். அவ்வளவு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு சட்டத்தில் ஓட்டை இருந்தது, இப்போது இல்லை. ஆனாலும் துண்டுச் சீட்டைக் காட்டினால் கிடைக்கிறது. ஆகவே மெடிக்கலில் வாங்கியது பத்திரம் என்பதை மறந்துவிடுங்கள். மெடிக்கலில் இருப்பது மருந்து, வீரியம் அங்கேதான் அதிகம்.

ஒரு தகவல். ஹைட்ரோகுயினோனையும் ட்ரெட்டினாயினையும் ஸ்டீராய்டோடு சேர்க்கிற யோசனை மருத்துவ இதழில் முதலில் வந்தது 1975-இல், அமெரிக்காவில். நம் ஊரில் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்ததும் அதே 1975-இல்தான். ஒன்று மருந்து, ஒன்று அழகுசாதனம். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் சிவப்பாக வேண்டும் என்ற ஆசையை ஒன்று வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது, அதில் திருப்திப்படாதவர்கள் மற்றொன்றைத் தேடி மெடிக்கலுக்குப் போனார்கள். 2020-இல் அந்தக் கம்பெனி பெயரை மட்டும் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றியது.

விட்டால் எரிகிறதே, அப்படியானால் அது தேவைதானே?

இங்கேதான் நீங்கள் ஏமாறுகிறீர்கள். கந்துவட்டிக்கு வாங்கிய பணம் மாதிரி இது. வட்டி கட்ட மறுபடி அவரிடமே கடன் வாங்கினால் அந்த வாரம் மூச்சு விடலாம், அசல் ஏறிக்கொண்டே போகும். ஆறு வருடமாக ஸ்டீராய்டு அடக்கி வைத்த ரத்தக் குழாய்கள், அது நின்றதும் ஒரே நேரத்தில் விரிகின்றன. அதனால்தான் சிவப்பு, எரிச்சல், வீக்கம், சீழ்ப்பரு. அது க்ரீம் தேவை என்பதற்கு அடையாளம் இல்லை, க்ரீமுக்குத் தோல் பழகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

இதைப் படித்ததும் இன்றைக்கே ட்யூபைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு துணையில்லாமல் நிறுத்தினால் முதல் சில வாரங்கள் முகம் இப்போதைவிட மோசமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பெரும்பாலானவர்கள் திரும்பவும் க்ரீமுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள். முகத்தின் நிலையைப் பார்த்து, வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றி நாள் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதா, அல்லது உடனே நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் மாதிரி ஒன்றும், சில வாரம் மாத்திரையும் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் அப்போது ஆகாது. ட்ரெட்டினாயினும் ஆகாது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாசனை இல்லாத மென்மையான சோப்பால் இரண்டு வேளை கழுவுங்கள். வாசனையில்லாத மாய்ச்சரைசர், இல்லாவிட்டால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஸ்க்ரப், ப்ளீச், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். “இயற்கைதானே” என்று எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள், அந்தச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். கஸ்தூரி மஞ்சளும் தோல் ஆறும் வரை வேண்டாம். உங்கள் பாட்டிக்கு ஒத்துக்கொண்டது, அவர் தோல் கெட்டியாக இருந்ததால்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். எரிச்சல் சில வாரத்தில் தணியும். தோல் நிதானத்துக்கு வர மாதங்கள் ஆகும். முடியும் பருவும் குறையும். விரிந்த ரத்தக் குழாய்கள் சில நின்றுவிடலாம், அதற்கு லேசர் உண்டு. மங்கு? ஆமாம், திரும்பவும் தெரிய ஆரம்பிக்கும். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்றைக்கு நீங்கள் மறுபடி அரிசி டிரம்முக்குப் பின்னால் கை விடுவீர்கள். மங்குக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சாப்பிட்டால் மங்கை அதுவும் கூட்டும், காப்பர்-டி மாதிரி வேறு வழிக்கு மாறலாமா என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள்.

மங்கில் பெரிய பங்கு வெயிலுக்கு. செக்கானூரணி ரோட்டில் ஜன்னலோர சீட்டில் வருகிற வெயில் போதும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முடிந்தால் நிறம் கலந்தது; அதில் இருக்கிற இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தடுக்கும், மங்குக்கு அது முக்கியம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். பட்டாணி அளவு எடுத்துப் பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறவர்கள்தான் அதிகம். வாங்க முடியாத மாதம் குடை பிடியுங்கள். குடைக்குப் பக்கவிளைவு கிடையாது.

கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கும் அந்த ட்யூபைத்தான் போட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. கண்ணைச் சுற்றி வருடக்கணக்கில் ஸ்டீராய்டு பட்டால் கண் அழுத்தம் கூடலாம், புரை வரலாம். கண் அழுத்தம் கூடுவது ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. அரவிந்த் கண் மருத்துவமனையிலோ பெரியாஸ்பத்திரியிலோ ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள். கண்ணைச் சுற்றிப் போடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

கிட்னி பயம்

செல்போனில் பார்த்தது முழுப் பொய் இல்லை, ஆனால் அது உங்கள் ட்யூபைப் பற்றியது இல்லை. கேரளாவில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலில், சிறுநீரில் புரதம் போகிற ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை 2021 முதல் 2023 வரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்த 15-இல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். அந்த க்ரீம்களில் இருந்தது பாதரசம். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

அழகுசாதனத்தில் பாதரசம் சேர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு விதி. கண் மை வகைகளுக்கு மட்டும் வரம்பு வேறு. ஆனால் விதி லேபிள் இருக்கிற பொருளுக்குத்தான் பயன்படும். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், காலாவதி தேதி, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயர், இதெல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். பார்லர் அக்கா கொடுத்த அந்த டப்பாவில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். ஆகவே உங்கள் சந்தேகம் ட்யூப் மேல் வேண்டாம், டப்பா மேல் இருக்கட்டும். கால் வீக்கம், காலையில் கண் இரப்பை வீக்கம், சிறுநீர் நுரைத்துப் போவது இருக்கிறதா என்று கவனியுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் சிறுநீரில் ஆல்புமின் சோதனை ஒன்று செய்துவிடுங்கள், செலவு அதிகம் ஆகாது. அந்த டப்பா க்ரீமை நிறுத்தி நாளாகிவிட்டது என்பதால் பயந்துகொண்டு தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

கல்யாணம் வரைக்கும் போடலாமா?

வேண்டாம். இரண்டு மாதம் இன்னும் போட்டால் கல்யாணத்தன்று நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இப்போதே அடுப்புச் சூட்டுக்குச் சிவக்கிற முகம் அது. மண்டபத்து லைட்டிலும் கூட்டத்திலும் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பார்த்தால் எட்டு வாரம் கையில் இருக்கிறது. மோசமான கட்டம் அதற்குள் கடந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு. கல்யாணத் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள், நாங்கள் அதற்கேற்பத் திட்டம் போடுவோம். இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர். தேவையில்லை.

அன்றைக்கு மேக்கப் போடலாமா என்றால், தோலில் வெடிப்பும் நீர்க்கசிவும் இல்லாவிட்டால் தாராளமாக. புதுப் பொருள் எதையும் அன்று காலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே முழங்கை மடிப்பில் தொடர்ந்து சில நாள் தடவிப் பாருங்கள். அப்புறம், ஃபவுண்டேஷன் வாங்கும்போது உங்கள் கழுத்து நிறத்துக்கு வாங்குங்கள். இரண்டு ஷேட் வெள்ளையாகப் போட்டால் டியூப்லைட்டில் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். நம் நிறத்துக்கான ஷேட் கடையில் முன் வரிசையில் இருக்காது, கேட்டு எடுக்க வேண்டும். மையை நன்றாகத் தீட்டுங்கள், பிடித்த லிப்ஸ்டிக் போடுங்கள், தலை நிறைய மல்லிகை வையுங்கள். கண்ணும் தலையும் எடுப்பாக இருந்தால் கன்னத்து மங்கை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. உங்கள் நாத்தனார் பார்ப்பார் என்றால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மகள்

மகள் போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியானால் அவளுக்கு நிறுத்துவது சுலபம், ஆனால் உடனே நிறுத்த வேண்டும். பதினான்கு வயதுத் தோலில், பரு வருகிற பருவத்தில், ஸ்டீராய்டு போட்டால் பரு பல மடங்காகும். ட்யூபை அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒளித்து வைப்பது போதாது, ஒளித்து வைத்ததால்தான் அது ஏதோ பெரிய ரகசியம் என்று எடுத்தாள்.

அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். “நீ எப்படி இருந்தாலும் அழகுதான்” என்று பிரசங்கமும் வேண்டாம். நம்ப மாட்டாள். தன் அம்மா ஆறு வருடம் ராத்திரி ராத்திரி என்ன செய்தாள் என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். மீனாட்சி பச்சை, அழகர் கறுப்பு என்கிற ஆறுதலெல்லாம் பள்ளிக்கூடத்து கேலிக்கு முன்னால் நிற்காது என்று எனக்கும் தெரியும். நடந்ததைச் சொல்லுங்கள். இந்தப் பரு, இந்த முடி, இந்தச் சிவப்பு எல்லாம் அந்த ட்யூபால் வந்தது என்று உங்கள் கன்னத்தைக் காட்டுங்கள். அப்புறம் அவளுடைய மேல் கையை, அக்குளை ஒட்டிய உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படாத அந்த இடம்தான் அவள் பிறந்த நிறம். எந்த க்ரீமும், எந்த ஊசியும் அதற்கு மேல் பத்திரமாக வெளுக்க வைக்காது. முகத்தை அந்த நிறத்துக்குக் கொண்டுவர வெயிலைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். ஆசிரியரா, சித்தப்பா மகனா, செல்போனா? விளம்பரத்தில் கறுப்பான பெண்ணைச் சோகமாகவும், வெளுத்த பிறகு வேலையும் மாப்பிள்ளையும் கிடைத்ததாகவும் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இலேயே வழிகாட்டுதல் போட்டது. அந்த வகை விளம்பரம் குறைந்தது உண்மை. ஆனால் வீட்டில் “ரெண்டுங்கெட்டான்” என்று மாமியார் சொல்லும்போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அதற்கு யார் வழிகாட்டுதல் போடுவது? பிள்ளை முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம் என்று அத்தையிடம் உங்கள் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அவர் அம்மா, அவர்தான் சொல்ல வேண்டும்.

மகளுக்கு மை வேண்டும், நகப்பாலிஷ் வேண்டும் என்றால் லீவு நாளில் நீங்களே கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள், லேபிள் பார்க்கக் கற்றுக்கொடுத்து.

வீட்டுக்காரரும் புகாரும்

“யாருக்குக் காட்டப் போற” என்பது அக்கறையில் வருகிற பேச்சா, சந்தேகத்தில் வருகிற பேச்சா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. க்ரீம் விஷயத்தில் அவர் கவலைப்பட்டது சரிதான், காரணம் தவறு. தோல் டாக்டரிடம் வரும்போது அவரையும் கூட்டி வாருங்கள். இது மேக்கப்பால் வந்தது இல்லை, மருந்தால் வந்தது என்று டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும். ஆனால் பேச்சு தினசரி அவமானமாகவும் வேலைக்குப் போகத் தடையாகவும் மாறினால், அது வெறும் வாய்த்தகராறு இல்லை. சொல்லால் அவமானப்படுத்துவதும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வரும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் யோசனை கேட்கலாம், கேட்டதாலேயே வழக்கு ஆகிவிடாது.

பார்லர் அக்கா விஷயம். அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, நியாயம். மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, லேபிள் இல்லாத டப்பாவை விற்பது அதைவிடத் தவறு. ஆனாலும் சீட்டு இல்லாமல் ஆறு வருடம் மருந்து விற்ற கடைக்காரருக்குத்தான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், அவர்தான் பொறுப்பில் பெரியவர். அக்கா அனேகமாகத் தானும் அதையே போட்டுக்கொண்டிருப்பார். முதலில் நேரில் போய் உங்கள் முகத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள் என்பேன். அது என் யோசனை மட்டும், நீங்கள் புகார் கொடுக்க நினைத்தால் தடுக்க மாட்டேன்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் கடை மீது எழுத்தில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இதில் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, இன்ன மருந்தால் இன்னது வந்தது என்று சொன்னால் போதும். நஷ்ட ஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு, 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பில் வேண்டும். பில் இல்லாமல் ஆறு வருடம் வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே அந்த வழியில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். ஆய்வாளரிடம் கொடுக்கிற புகாரில் பலன் அதிகம், அடுத்த பெண்ணுக்காவது அங்கே கிடைக்காமல் போகும்.

நீங்கள் பெயர் சொல்லிக் கொடுத்த இரண்டு பேரிடமும் பேசிவிடுங்கள். “என்னால இப்படி ஆயிருச்சே” என்று அழ வேண்டாம், யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களும் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியாவிட்டால் பெரியாஸ்பத்திரியில், அதுதான் அரசு இராஜாஜி மருத்துவமனையில், தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீட்டுப் போட்டால் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. மூன்று பேரும் வார லீவை மாற்றி ஒரே நாளில் வந்துவிடுங்கள். ட்யூப், டப்பா, பழைய பெட்டி எது மிச்சம் இருந்தாலும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். அன்று காலை முகத்தில் எதுவும் பூசாமல் வாருங்கள், கூசினால் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். லிப்ஸ்டிக்கும் பொட்டும் கைப்பையில் இருக்கட்டும், பார்த்து முடித்ததும் அங்கேயே போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம்.